பட்டாசாலையில் பிரித்த கியர்பாக்ஸ்

எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது நடுக்கூடத்தில், லாரியின் கியர்பாக்ஸ் பிரித்துக் கிடந்தது மொத்தம் இரண்டே நாள்தான். அந்த இரண்டு நாளில் நான் செய்ததை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துத்தான் இவ்வளவு காலம் தள்ளினேன். சொல்லாமல் இருந்ததில் சௌகரியப்பட்டது நான் ஒருத்திதான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஆலங்குடியில் குடியிருந்தோம். நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். என் கணவருக்கு ஒரு லாரி இருந்தது. யுத்தம் முடிந்தபின் மிலிட்டரிக்காரர்கள் வேண்டாமென்று கழித்த வண்டி. இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. அவரே முதலாளி, அவரே டிரைவர். கடலை மூட்டை, தேங்காய், செங்கல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். வண்டி ஓடினால் வீட்டில் சிரிப்பு, நின்றால் வீட்டில் சண்டை. எங்களுக்கு அப்போது பிள்ளை கிடையாது. அந்த லாரிதான் அவருக்குப் பிள்ளை, அதற்குச் சளி பிடித்தால்கூட ராத்திரி தூங்க மாட்டார் என்று நான் கேலி பேசுவேன்.

ஓர் ஐப்பசியில் அதற்கு வந்தது சளி இல்லை. இரண்டாவது கியரில் போட்டால் கடகடவென்று சத்தம், கொஞ்ச தூரம் போனதும் தானாக நழுவி வெளியே வந்துவிடும். ஏற்றத்தில் மூட்டையோடு போகும்போது கியர் நழுவினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். பட்டறைக்கு ஓட்டிப்போக முடியாது, ஆகவே பட்டறைதான் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லி, புதுக்கோட்டையிலிருந்து ஒரு பிட்டரைக் கூட்டிவந்தார்.

அந்த பிட்டருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். பட்டறை பட்டறையாகக் கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை செய்பவர், நிலையான இடம் கிடையாது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, ஸ்பானரைக்கூட நம்பரைப் பார்க்காமல் அளவைப் பார்த்துத்தான் எடுப்பார். ஆனால் கியர்பாக்ஸ் என்றால் அவர்தான் என்று பேர். அவருக்கு ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைக்கும்போல இருந்தது. அந்த பஸ் முதலாளி என் கணவருக்கு நன்றாகப் பழக்கம். "ஒங்க வண்டியில அவன் வேலையப் பாத்துட்டுச் சொல்லுங்க, எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். ஆகவே எங்கள் கியர்பாக்ஸ் அவருக்கு ஒரு பரீட்சை. அது அவருக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வந்த அன்றே என்னிடம், "இது அமைஞ்சுருச்சுன்னா கலியாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன், டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது அவர் இவர் என்று எழுதுகிறேன். அப்போது நான் கூப்பிட்டதெல்லாம் "ஏப்பா", "இந்தாப்பா", "நீ" தான். எங்கள் தெருவில் அவருடைய சாதிக்காரர்கள் வீட்டுக்குள் வரும் வழக்கம் இல்லை. வாசலோடு சரி. முதலில் வாசலில் புளியமரத்தடியில்தான் வண்டிக்கு அடியில் படுத்து வேலையை ஆரம்பித்தார். அவரும் என் கணவரும் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை விடுமா? என் கணவர் யோசிக்கவே இல்லை, "உள்ள தூக்குப்பா" என்றுவிட்டார். இருவரும் சாக்கில் வைத்துத் தூக்கிவந்து பட்டாசாலை நடுவில் வைத்தார்கள். அந்தக் கூடத்தில்தான் கிழக்குச் சுவரில் சாமி படங்களும் குத்துவிளக்கும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

எனக்குச் சுத்தப் பித்து உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் இடம் மாறி இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சிலேட்டை வரிசையாக அடுக்க வைத்து, கோணலாக இருந்தால் மறுபடி அடுக்கச் சொல்வேன். "ஒங்க டீச்சர் அளவுகோல முழுங்கிட்டாக" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள் என்று பிள்ளைகளே என்னிடம் வந்து சொல்லியிருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்குள் எண்ணெய் ஒழுகுகிற இரும்புப் பெட்டி.

ஆனால் அவர் வேலை செய்யத் தொடங்கியதும் நான் அடுப்படி வாசலில் நின்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் என் கணவரிடம் ஒரு பழைய வெள்ளை வேட்டி கேட்டு வாங்கி, அதை நாலாக மடித்து, கிழக்கு மேற்காக நீளவாட்டில் விரித்தார். பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து தண்டை உருவினார். நல்ல கைப்பருமனான இரும்புத் தண்டு, அதில் கையில் வளையல் போட்ட மாதிரி பெரிதும் சிறிதுமாகப் பல்சக்கரங்கள். முனையில் இருந்த பேரிங்கை முக்காலி மாதிரி ஒரு கருவியை மாட்டித் திருகித் திருகி இழுத்தார். அது வந்ததும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்த லாக்கு வளையத்தை இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். எடுக்கும்போது அது தெறித்து ஓடிவிடாமல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். அதன்பின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன.

கழற்றிய ஒவ்வொன்றையும் அந்த வேட்டியில் வைத்த விதம்தான் அவருடைய வழக்கம். முதலில் வந்தது கிழக்கு ஓரத்தில், அடுத்தது அதற்கு மேற்கே, அதற்கடுத்தது அதற்கும் மேற்கே. வைக்கும்போது தண்டில் எந்த முகம் வெளியே பார்த்ததோ அந்த முகம் கிழக்கே பார்க்கும்படி நிறுத்தி வைப்பார். சின்ன வாஷரைக்கூடப் படுக்க வைக்க மாட்டார், ஒரு களிமண் உருண்டையை ஒட்டி, முகம் கிழக்கே பார்க்க நிறுத்துவார்.

"எதுக்கு இப்படி சாமிக்குப் படைக்கிற மாதிரி வைக்கிற?" என்று கேட்டேன்.

"எனக்கு எழுதத் தெரியாதுல்லங்க டீச்சரம்மா. நீங்கன்னா இது முன்னாடி, இது பின்னாடின்னு நோட்டுல எழுதி வச்சுக்குவீங்க. எனக்கு இந்த வேட்டிதான் நோட்டு. எடுத்தபடி போட்டுட்டா வண்டி ஓடும்."

ஒரு வாஷரை எடுத்து எனக்குக் காட்டினார். பித்தளை நிறத்தில் தட்டையான வளையம். அதன் ஒரு முகத்தில் எண்ணெய் ஓடுவதற்குச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்குமாம், அந்த முகம்தான் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டுமாம். மாற்றிப் போட்டால் சக்கரத்துக்கு எண்ணெய் போகாமல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். "இது பழைய வண்டி. கோடெல்லாம் தேஞ்சு போச்சு. கண்ணுக்குத் தெரியாது. நகத்த வச்சுத் தடவுனாத்தான் கொஞ்சம் தட்டும்" என்று கட்டைவிரல் நகத்தால் தடவிக் காட்டினார். நானும் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தட்டவில்லை. ஆனாலும் தட்டியதுபோலத் தலையை ஆட்டி வைத்தேன்.

இரண்டாவது கியர் மட்டும் அசையவில்லை. இறுகி உட்கார்ந்திருந்தது. சுத்தியலால் ஓங்கி அடிப்பார் என்று நினைத்தேன், அவர் என்னிடம் கொதிக்கிற வெந்நீர் கேட்டார். "சோறு வடிக்கிற பானை வேணாங்க. பழைய ஏனம் எதாச்சும் இருந்தாப் போதும்" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். மாட்டுக்குக் கழுநீர் காய்ச்சுகிற சட்டியில் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். தண்டைச் சாய்த்துப் பிடித்து, சக்கரத்தின்மேல் மட்டும் படும்படி ஊற்றினார். ஓட்டை போட்ட புளியங்கட்டையில் சக்கரத்தை ஏந்தி, தண்டின் தலையில் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினார். டக் டக் என்று நாலு தட்டு, தண்டு சரேலென்று கீழே இறங்கியது. சக்கரம் மட்டும் கட்டைமேல் நின்றது. நான் என்னை அறியாமல் "அட!" என்றுவிட்டேன். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சக்கரத்தில் மூன்று பல் முறிந்திருந்தது. அதற்குப் பதில் வேறொன்று புதுக்கோட்டையில் பழைய சாமான் கடையில்தான் தேடவேண்டும். ஈரத்தைத் துடைத்து, தண்டுக்கு எண்ணெய் தடவிவிட்டு, மத்தியான பஸ்ஸில் என் கணவரும் அவரும் புறப்பட்டார்கள். என் கணவர் கடைசி பஸ்ஸில் திரும்புவதாகவும், பிட்டர் ராத்திரி தன் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வருவதாகவும் ஏற்பாடு. போகும்போது என் கணவர் என்னைப் பார்த்து, "இந்தா, ஒன் சுத்தத்தையெல்லாம் இதுல காட்டிறாத. அந்த வேட்டியில யாரும் கை வைக்கக் கூடாது, புரியுதா?" என்றார். பிட்டர் என் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, "டீச்சரம்மாவுக்குச் சொல்லணுங்களா?" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. மூன்று மணிவரை நன்றாகத்தான் இருந்தேன். அதன்பின் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கு வைக்கிற இடத்துக்கு நேரே கறுப்பு எண்ணெயும் இரும்பும் கிடக்கின்றன. கூடம் கழுவவில்லை, கோலம் போடவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கழுவாத கூடத்தில் விளக்கு ஏற்றியதே கிடையாது. இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இன்னொன்றும் இருந்தது. அவர் நாள் பூராவும் உட்கார்ந்து எழுந்த தரையைக் கழுவாமல் எனக்கு விளக்கேற்ற மனம் வரவில்லை. அப்போது அதை அந்த வார்த்தையில் நினைக்கவில்லை, ஆனால் அதுதான். பிள்ளைகளுக்குச் சாதி இரண்டொழிய வேறில்லை என்று பாடம் நடத்துகிற டீச்சர் நான்.

எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று எனக்கு ஒரு திமிர். வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே ஐம்பது பிள்ளைகளின் பேரையும் வரிசையாகக் கூப்பிடுவேன். பத்துப் பதினைந்து இரும்புச் சாமான் எனக்கு எம்மாத்திரம்? நின்று ஒருமுறை கிழக்கிலிருந்து மேற்காக மனப்பாடம் செய்தேன். பின்கட்டில் ஒரு சாக்கை விரித்து இரண்டு இரண்டாகக் கொண்டுபோனேன். அங்கேதான் என் புத்தி வேலையைக் காட்டியது. பின்கட்டில் இடம் குறைவு. கை தன்னால் சக்கரங்களைப் பெரிதின்மேல் சிறிதாக, பாத்திரம் அடுக்குவதுபோல அடுக்கிவிட்டது. வாஷர் மூன்றையும் தட்டு அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன்.

கூடத்தை இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவினேன், கோலம் போட்டேன், விளக்கு ஏற்றினேன், கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகம் இல்லை. வண்டி சரியாக வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பேன்.

தரை காய்ந்ததும் வேட்டியை விரித்துத் திரும்ப வைத்தேன். சக்கரங்களை எளிதாகவே வைத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கழுத்து மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, அதை வைத்து முகம் கண்டுபிடித்தேன். வாஷர்களுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எது எங்கே என்பது கனத்தை வைத்துத் தெரிந்தது, எந்த முகம் கிழக்கு என்பது தெரியவில்லை. நகத்தால் தடவிப் பார்த்தேன். இரண்டில் ஏதோ தட்டியது மாதிரி இருந்தது. மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் இருந்தது, இல்லவே இல்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். விளக்கடியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு முகத்தைக் கிழக்கே பார்க்கத் திருப்பி, களிமண்ணை ஒட்டி நிறுத்திவிட்டு எழுந்தேன். காலையில் அவரிடம், "இந்த வாஷரை மட்டும் பார்த்துக்கோப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

காலையில் அவர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சாக்குப்பையில் வேறொரு சக்கரம். கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து வேட்டிக்கு முன்னால் குந்தியவர், உடனே வேலையைத் தொடவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி மடிப்பு மாறியிருந்ததோ, தரை சுத்தமாக இருந்ததோ, எது அவர் கண்ணில் பட்டதோ தெரியாது. அந்த மூன்றாவது வாஷரை எடுத்து நகத்தால் தடவினார். திருப்பி மறுபக்கம் தடவினார்.

"ஐயா, இத யாராச்சும் தொட்டாங்களா?" என்று என் கணவரைக் கேட்டார். "இந்த மொகம் அங்கிட்டுல்ல பாத்துச்சு?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே கண் சிவந்துவிட்டது. நான் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு நொடிதான். அந்த நொடியில், ஆமாம், கூடம் கழுவ எடுத்து வைத்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருப்பார். அவ்வளவுதான். அதுவும் ஒரு பிட்டருக்கு முன்னால் திட்டு வாங்குவதா என்றுதான் எனக்கு வந்தது.

"நான் எதுக்கு அதத் தொடுறேன்? வேட்டியச் சுத்தித்தான் தரையக் கழுவுனேன். அந்த அழுக்குல கைய வைக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். பொய்க்குக் கொஞ்சம் சத்தம் வேண்டியிருந்தது.

பிட்டர் பதறிப்போனார். "இல்லங்க டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒங்களச் சொல்லலங்க. எலி கிலி உருட்டியிருக்குமோன்னு கேட்டேன்." திரும்ப அந்த வாஷரைப் பார்த்தார். ஒருமுறை அதைத் திருப்பினார், நகத்தால் தடவினார். பிறகு நான் வைத்த முகத்துக்கே அதைத் திருப்பிக்கொண்டார். "எடுத்தபடி போடணும். அதான் தொழிலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்டில் மாட்டினார். அவருடைய நகம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்து அவர் நகத்தை நம்பவில்லை. நான் காப்பியை நீட்டினேன். அலுமினியத் தம்ளர், வாசலில் வைக்கிற தம்ளர். ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ராத்திரி நினைத்தேனே, அதற்குப் பதில் அந்தக் காப்பிதான்.

சாயங்காலத்துக்குள் வண்டி தயார். இரண்டாவது கியரில் போட்டு ஆலங்குடிக் கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று என் கணவர் சொன்னார். "நாளைக்கழிச்சு மொதலாளியப் பாத்துச் சொல்லிடுறேன். நீ ஒன் கலியாணத்துக்கு நாள் பாரு" என்று பிட்டரின் முதுகில் தட்டினார். எனக்கும் உயிர் வந்தது. ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன், என் ஞாபகசக்தியைப் பற்றி நான் நினைத்ததில் தப்பில்லை என்று அன்றைக்குப் பாயாசம் வேறு வைத்தேன்.

மூன்றாம் நாள், கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஆவுடையார்கோவில் பக்கம் போனபோது நடுவழியில் கியர்பாக்ஸ் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் பொட்டல், மேலே மழை. தார்ப்பாய் ஒழுகி பாதி மூட்டை நனைந்து போயிற்று. என் கணவர் இரண்டு நாள் வண்டியோடு கிடந்துவிட்டு, அங்கேயே வேறொரு மெக்கானிக்கைப் பிடித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அந்த ஆள் சிரித்துவிட்டு, "வாஷரத் திருப்பிப் போட்டிருக்கானே, எவன் மாட்டுனது?" என்று கேட்டானாம். என் கணவர் அந்த வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கறுத்து, ஒரு பக்கம் உருகினாற்போல் இருந்தது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, "கண்ணு தெரியாத பயலப் போயி நம்புனேன் பாரு" என்றார். நான் ரசம் ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டேன். அந்த வீட்டில் அப்போது என் வாயிலிருந்து வந்த பேச்சு அது ஒன்றுதான்.

சேதி தெரிந்து பிட்டர் தானாகவே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மழை நின்றிருந்தது, ஆகவே வாசலோடு நின்றார். அந்த வாஷரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் தடவினார்.

"ஐயா, நான் எடுத்து வச்ச மொகம் இது இல்லீங்க" என்றார். "சாமி சத்தியமா இது இல்லீங்க."

"அப்ப யாருடா திருப்புனது?" என்று என் கணவர் கத்தினார். "என் பொண்டாட்டியா?"

தெருவில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். பிட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது. நீங்கள் பார்த்தீர்களா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்பது மாதிரி. நான் என் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

"ஐயய்யோ, அப்பிடிச் சொல்லலீங்க" என்றார். "டீச்சரம்மா எதுக்குத் தொடப் போறாங்க? என் கைதான் தப்பியிருக்கும். என் கைதான்."

என் கணவர் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அன்றோடு போயிருக்கும். மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய் அந்த பஸ் முதலாளியிடம், "அவன எடுத்துடாதீங்க, வண்டிய நம்பி ஆளுக ஏறுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னதில் என்ன தப்பு? தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். பட்டறைகளிலும் அதே பேச்சாயிற்று. வாஷரைத் திருப்பி மாட்டுகிறவன் என்று ஒருத்தனைப் பற்றிச் சொல்லிவிட்டால் அப்புறம் யார் அவன் கையில் வண்டியைக் கொடுப்பார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் எங்கே இருந்தன என்று எனக்கு மட்டும் தெரியும்.

சொல்லிவிட எத்தனையோ முறை எழுந்திருக்கிறேன். சொன்னால் என் கணவர் என்னை என்ன செய்துவிடுவார்? இரண்டு நாள் பேசமாட்டார், உடனே புதுக்கோட்டைக்கு ஓடிப்போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். எனக்குப் பயம் அவரிடம் இல்லை. டீச்சர் பொய் சொன்னாள், அதுவும் எழுத்துத் தெரியாத ஒருத்தனிடம் பொய் சொல்லி அவன் பிழைப்பைக் கெடுத்தாள் என்று ஊர் பேசுமே, அதை என்னால் நினைக்க முடியவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகியது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு தவறு. ஒரு மாசம் கழித்துச் சொன்னால் ஏன் ஒரு மாசம் என்று கேட்பார்களே. இப்படியே வருஷங்கள் போயின.

அறுபதுகளின் நடுவில் எனக்கு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலானது. ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒருவர் ஐந்து வயதுப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என் மேசைக்கு வந்தபிறகுதான் அடையாளம் தெரிந்தது. முடி நரைத்து, இன்னும் ஒல்லியாகிவிட்டிருந்தார். அவருக்கு என்னை வரிசையில் நிற்கும்போதே தெரிந்திருக்கிறது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கும்பிட்டார்.

"டீச்சரம்மா நல்லா இருக்கீங்களா? ஐயா நல்லா இருக்காங்களா?"

நான் பேனாவைத் திறந்து, பிள்ளையின் பேர் கேட்டு எழுதினேன். என்ன தொழில் என்ற இடம் வந்தது. "சைக்கிள் கடைங்க. சொந்தமில்ல, ஒருத்தர் கடையில பஞ்சர் ஒட்டுறேன்" என்றார். பெரிய வண்டி வேலை செய்வதில்லையா என்று கேட்டேன். எந்த வாயால் கேட்டேனோ தெரியவில்லை. கேட்டேன்.

"அத விட்டுட்டேங்க. ஒங்க வண்டிக்கு அப்பறம் யாரும் கூப்புடல. கூப்பிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். என் கையி மேலயே எனக்கு நம்பிக்கை போயிருச்சு. வாஷர எடுத்தா எந்த மொகம்னு கை நடுங்குது."

மைப்பெட்டியை நகர்த்தினேன். பெற்றவர் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுக்காமலே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஐயாவ நடுரோட்டுல மழையில நிக்க வச்சுட்டேன். மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சுன்னாங்க. அன்னிக்கு வேற ஒங்க வாசல்ல நின்னு, நான் வச்ச மொகம் இல்லன்னு வாய் கூசாமச் சொன்னேன். ஒங்களச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிப்போச்சு. வந்து மன்னிப்புக் கேக்கணும்னு பல தடவ கெளம்புவேன், மொகம் இல்லாமத் திரும்பிருவேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. இந்தப் பிள்ள ஒங்ககிட்டதான் படிக்கப் போகுது."

எனக்கு முன்னால் வேறு யாரும் இல்லை. அடுத்த ஆள் தள்ளி நின்றார். என் கணவர் அங்கே இல்லை, தெரு இல்லை, வேடிக்கை பார்க்கிறவர்கள் இல்லை. நான்தான் திருப்பி வைத்தேன், உன் கை தப்பவில்லை. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. அந்தப் பிள்ளை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன். "மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். விடுங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. துண்டால் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் தோளைத் தொட்டு, "டீச்சருக்குக் கும்பிடு போடும்மா" என்றார்.

அது இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டது. நான் வாங்கிக்கொண்டேன்.